கிணறு, ஓடை, ஏரி: தோட்டக்காரங்க கேள்வியும் பதிலும்

இந்தத் தடவ வந்த கடுதாசி, வாட்ஸப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பாத்தா முக்காவாசி தண்ணி சம்பந்தமாத்தான் இருக்கு. அதுலயும் சேலம் சுத்துவட்டாரத்துல இருந்தும் ஏற்காட்டு மேல இருந்தும் வந்ததுதான் அதிகம், அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்குறேன். பேர் போட வேண்டாம்னு பல பேர் கேட்டிருக்கீங்க, சொந்தக்காரங்களோடயும் பக்கத்துக் காட்டுக்காரரோடயும் இருக்குற வழக்குங்கறதால அது நியாயம்தான், அதனால ஊரு மட்டும் போட்டிருக்கு.

கேள்வி: ஐயா, நாங்க ஏற்காட்டு மலையில மலையாளி பழங்குடி ஊருங்க. எங்க ஊருக்கு வர்ற ஓடைய மேல இருக்குற காப்பி எஸ்டேட்டுல கல்லு வச்சு சிமெண்ட் போட்டு அடச்சு, மோட்டார் வச்சு தார்ப்பாய் குட்டைக்கு ஏத்திடுறாங்க. மாசி, பங்குனியில எங்களுக்கு குடிக்கவே தண்ணி வர்றதில்ல. கேட்டா எங்க பட்டாவுக்குள்ள ஓடுறது எங்க தண்ணிதானேங்கறாங்க. அப்படிச் சொல்லலாமா? (ஏற்காடு தாலுகா)

சொல்லக் கூடாது தம்பி. பட்டா மண்ணுக்குத்தான், ஓடுற தண்ணிக்கு யாரும் பட்டா போட்டுக் குடுக்கல. 1882ல போட்ட இந்திய வசதியுரிமைச் சட்டம் (ஒருத்தர் நிலத்துக்காக இன்னொருத்தர் நிலத்துல இருக்குற வழி, தண்ணி மாதிரி உரிமைகளப் பத்தினது) இன்னிக்கும் நடைமுறையில இருக்கு, அதோட 7ஆவது பிரிவுல என்ன சொல்லுதுன்னா, இயற்கையா ஓடுற ஓடைய ஒட்டி நிலம் வச்சிருக்குற ஒவ்வொருத்தருக்கும் குடிக்க, வீட்டுக்குப் புழங்க, ஆடு மாட்டுக்குக் காட்ட, அந்த ஓடையோரத்து நிலத்துக்குப் பாய்ச்ச உரிமை இருக்கு, ஆனா அதே மாதிரி உரிமை இருக்குற மத்தவங்களுக்கு பெரிய கெடுதல் வராம எடுக்கணும். எஸ்டேட்டுக்கு இருக்குற அதே உரிமை ஓடையோரத்துல நிலம் இருக்குற உங்காளுகளுக்கும் இருக்கு. இதுக்கெல்லாம் மேல அதே சட்டத்தோட 2ஆவது பிரிவுல, ஆறு ஓடையில ஓடுற தண்ணிய எப்படித் தேக்குறது எப்படிப் பங்கு போடுறதுங்கறத ஒழுங்குபடுத்துற அதிகாரம் அரசாங்கத்துக்குத்தான்னு தெளிவா இருக்கு.

எஸ்டேட்டுக்காரங்க பக்கமும் ஒரு வார்த்தை சொல்லணும். காப்பிச் செடி மாசி பங்குனி வாக்குல ஒரு மழைக்காகக் காத்திருக்கும், அந்த மழை பேஞ்சாத்தான் மொட்டு விரியும், பேயலைன்னா ஸ்பிரிங்ளர் போட்டாவது நனைக்கணும், இல்லாட்டி அந்த வருச மகசூலே போச்சு. அந்தப் பயம் நிஜம். ஆனா அதுக்கு ஐப்பசி கார்த்திகையில வழிஞ்சு ஓடுற தண்ணியப் பிடிச்சு குட்டையில சேத்து வைக்கணும், ஊரே வறண்டு கிடக்குற மாசியில ஓடைய மறிக்கக் கூடாது. குடிக்கிற தண்ணிக்கு அப்புறந்தான் காப்பி, இதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். முதல்ல அரசாங்கத்தோட நில ஆவண இணையதளத்துல அ பதிவேடும் (சர்வே நம்பர்வாரியா நில விவரம்) புலப்படமும் (நில அளவை வரைபடம்) எடுத்துப் பாருங்க, காசு கட்ட வேண்டாம். பெரும்பாலும் ஓடைக்குத் தனி சர்வே நம்பர் இருக்கும், ஓடை புறம்போக்குன்னு போட்டிருக்கும். அப்படி இருந்தா அங்க கட்டின சுவரு ஆக்கிரமிப்பு, 1905ஆம் வருச நில ஆக்கிரமிப்புச் சட்டத்துல நோட்டீஸ் குடுத்து எடுக்கச் சொல்லி தாசில்தாருக்கு மனு குடுங்க. குடிதண்ணி நின்னு போச்சுன்னு பி.டி.ஓ. ஆபீசுக்குத் தனியா ஒண்ணு குடுங்க, ரெண்டுக்கும் ரசீது வாங்காம வராதீங்க. தகராறு முத்துற மாதிரி இருந்தா ஆர்.டி.ஓ.கிட்ட போகலாம், 2024 ஜூலையில இருந்து அமலுக்கு வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ். 166ஆவது பிரிவுல, நிலத்தையோ தண்ணியையோ பயன்படுத்துற உரிமையில சண்டை வந்து அமைதி கெடும்னு தெரிஞ்சா அவரு விசாரிச்சு உத்தரவு போடலாம். ஆனா ஒரு கண்டிசன் இருக்கு, அத மறந்துடாதீங்க: எந்நாளும் அனுபவிக்கிற உரிமைன்னா புகாருக்கு முந்தின மூணு மாசத்துக்குள்ள அத அனுபவிச்சிருக்கணும், குறிப்பிட்ட பருவத்துக்கு மட்டும் உள்ள உரிமைன்னா கடைசியா வந்த பருவத்துல அனுபவிச்சிருக்கணும். அதனால போனா போகுதுன்னு ரெண்டு கோடை சும்மா இருந்துட்டு மூணாவது கோடையில போனா கேஸ் பலவீனமாயிடும்.

இன்னொண்ணு, மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்னிக்கு கிராம சபை கூடும், அதுல இத தீர்மானமாப் போடச் சொல்லுங்க. கோர்ட்டுக்குப் போற நிலைமை வந்தா பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் சட்ட உதவி இலவசம், சேலம் கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு. ஊத்து வனத்துறை நிலத்துல இருந்தா 2006ஆம் வருச வன உரிமைச் சட்டத்துல குடிதண்ணிக் குழாய், சின்ன பாசன வேலைக்கு ஒரு ஹெக்டேருக்குள்ள நிலம் கேக்கலாம், அதுக்கும் கிராம சபை பரிந்துரைதான் ஆரம்பம்.

கேள்வி: அண்ணா, எங்கப்பா காலத்துக் கிணறு, 70 அடி, அறுபது வருசமா வத்துனதே இல்ல. போன வருசம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்ப ஒட்டி ஆயிரம் அடிக்கு மேல போர் போட்டாரு, ரெண்டே மாசத்துல எங்க கிணறு பாறை தெரிஞ்சு போச்சு. கேஸ் போட்டா ஜெயிக்குமா? அத்தன வருச அனுபோகத்துக்கு மதிப்பு இல்லியா? (அயோத்தியாப்பட்டணம்)

இந்த மாசம் என்னை ரொம்ப சங்கடப்படுத்தின கடுதாசி இதுதான். நியாயம் முழுக்க உங்க பக்கம் இருக்கு, சட்டம் இல்ல. கோர்ட்டுக்குப் போனா ஜெயிக்கிறது ரொம்ப கஷ்டம்னு உடைச்சே சொல்லிடுறேன், வக்கீல் பீசுக்கு மாட்ட வித்துட்டு அப்புறம் தெரிஞ்சுக்குறத விட இப்பவே தெரிஞ்சுக்குறது நல்லது.

மேல சொன்ன அதே 1882 சட்டம், ஓடையில ஓடாம நிலத்துக்கடியில கிடக்குற தண்ணிய அந்த நிலத்துக்காரர் தன் எல்லைக்குள்ள எடுத்துக்கலாம்னு சொல்லுது. எவ்வளவு எடுக்கலாம்னு அளவு சொல்லல. அறுபது வருச அனுபோகத்தப் பத்திக் கேட்டீங்க, 17ஆவது பிரிவு அந்தக் கதவையும் சாத்திடுது, இன்ன வழியில ஓடுதுன்னு தெரியாத நிலத்தடி நீருக்கு அனுபோகத்தால உரிமை வராதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. இது எங்கிருந்து வந்துச்சுன்னா, இங்கிலாந்துல வாண்டில்னு ஒரு ஆத்தங்கரையில மில் வச்சிருந்தவரு, பக்கத்து ஊர் நிர்வாகம் கிணறு வெட்டினதுல தன் ஆத்துத் தண்ணி கொறஞ்சு போச்சுன்னு வழக்குப் போட்டாரு, அறுபது வருசத்துக்கு மேல ஓட்டின மில்லு அது. 1859ல அங்க இருக்குற பிரபுக்கள் சபை அவருக்கு உரிமை இல்லேன்னு சொல்லிடுச்சு. பூமிக்கடியில தண்ணி எப்படிப் போகுதுன்னு யாருக்கும் தெரியாத காலத்துத் தீர்ப்பு, மழைக்குக் குறைவில்லாத நாட்டுத் தீர்ப்பு. அத அப்படியே கொண்டாந்து சேலத்துப் பாறைக்காட்டுல வச்சுட்டுப் போயிட்டாங்க, 140 வருசம் தாண்டியும் நாம அதுலதான் நிக்குறோம்.

சேலம் மண்ணு எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மேல கொஞ்சம் மண்ணு, அதுக்குக் கீழ சிதைஞ்ச பாறை, அதுக்கும் கீழ கருங்கல்லு. தண்ணி நிக்கிறது அந்த சிதைஞ்ச பாறையிலயும் கல்லு வெடிப்புலயும்தான். உங்க கிணத்துக்கு ஊறிக்கிட்டிருந்த வெடிப்ப அந்த போர் குறுக்க வெட்டியிருந்தா அங்க இழுக்க இழுக்க உங்க ஊத்து நின்னுதான் போகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒரு ராத்திரியில ஆயிரம் அடி இறங்கிடும், ஆனா அந்த ஆழத்துல கிடைக்கிறது வருசா வருசம் மழையில நெறயற தண்ணி இல்ல, ரொம்ப காலமா வெடிப்புல தங்கியிருந்தது, எடுத்தா மறுபடி நெறயறதுக்கு எத்தன மழை வேணுமோ.

அரசாங்கம் என்ன செஞ்சுச்சுன்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல 2003ல நிலத்தடி நீர் மேம்பாட்டு மேலாண்மைச் சட்டம்னு ஒண்ணு சட்டசபையில போட்டாங்க, அது ஒரு நாள் கூட அமலுக்கு வரல, 2013ல ரத்தே பண்ணிட்டாங்க. 2014ல அரசாணை 142 வந்துச்சு, அதுல குறுவட்டம் (சில கிராமங்க சேந்த வருவாய்ப் பிரிவு) வாரியா எங்க அதிகமா உறிஞ்சுறாங்கன்னு பிரிச்சு, கம்பெனிகளும் தண்ணி யாவாரிகளும் அனுமதி வாங்கணும்னு கட்டுப்பாடு வச்சாங்க, ஆனா தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவுல வர்ற உங்க மாதிரி பிரச்சனைக்கு அதுல விடை இல்ல. ஆந்திராவப் பாருங்க, 2002ல வால்டாங்கற நீர், நிலம், மரச் சட்டம் போட்டு பொதுக் குடிநீர்க் கிணத்துல இருந்து 250 மீட்டருக்குள்ள புதுசா போர் போடக் கூடாதுன்னாங்க. மகாராஷ்டிராவுல 1993லயே குடிநீர் ஆதாரத்துக்கு 500 மீட்டர்னு வச்சாங்க. கேரளாவுல பிளாச்சிமடை கோலா கம்பெனி வழக்குல 2003ல ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் ஊருக்குப் பொதுச் சொத்து, நிலம் வச்சிருக்கேன்னு அளவில்லாம உறிஞ்ச முடியாதுன்னு தீர்ப்புக் குடுத்தாரு, 2005ல ரெண்டு நீதிபதி அமர்வு அத மாத்திடுச்சு. அந்த முதல் தீர்ப்புதான் சரின்னு நான் இன்னிக்கும் நம்புறேன்.

"அரசாங்கம் எங்க தோட்டத்துக்குள்ள வரக்கூடாது"ன்னு சொல்ற விவசாயிங்க நிறைய பேரு, அவங்க பயமும் எனக்குப் புரியுது, ஆபீசர் வந்தா லஞ்சமும் சேந்து வரும்ங்கற பயம். ஆனா கட்டுப்பாடே இல்லாத இடத்துல யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாருங்க, ஆயிரத்து இருநூறு அடிக்கு செலவு பண்ண முடிஞ்சவருதான், 70 அடிக் கிணத்துக்காரர் இல்ல. சின்ன விவசாயியக் காப்பாத்துற சட்டம் வேணும், அதுல அனுமதி குடுக்குறதும் மறுக்குறதும் ஊர்க்காரங்க உக்காந்து பேசுற இடத்துல நடக்கணும்.

இப்போதைக்கு உங்களுக்கு இருக்குற வழி: பஞ்சாயத்து எல்லைக்குள்ள கிணறோ போரோ தோண்ட 2015ஆம் வருச ஊராட்சி விதியில அனுமதி வாங்கணும், தோண்டுறதுக்கு 15 நாளுக்கு முன்னாடியே எழுத்துல தகவல் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டும் 2010ல சொல்லியிருக்கு. பக்கத்துக்காரர் இதெல்லாம் செஞ்சாரான்னு பஞ்சாயத்துல எழுதிக் கேளுங்க. செய்யலைன்னா உங்க பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும், அத வச்சு ஊர்ப் பெரியவங்க முன்னாடி உக்காந்து, அவரு எத்தன மணி நேரம் ஓட்டுறது, உங்களுக்கு அவரு போர்ல எத்தன நாள் தண்ணி விடுறதுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட முடியுமான்னு பாருங்க. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி விசயம் தீர்ந்தது பேச்சுவார்த்தையிலதான். தயவு செஞ்சு அவருக்குப் போட்டியா கடன் வாங்கி இன்னும் ஆழமா போர் போடாதீங்க. அஞ்சு ஏக்கருக்குள்ள இருந்தா சொட்டு நீருக்கு 100 சதவீத மானியம் இருக்கு, மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் நல்லா வரும். மழை தண்ணி வழிஞ்சோடுற பக்கம் ஒரு வடிகுழி வெட்டி, வண்டல் தங்குனதுக்கப்புறம் தண்ணிய கிணத்துக்கே திருப்பி விடுங்க.

கேள்வி: கிணத்துக்கும் போருக்கும் மீட்டர் வச்சு மத்திய அரசு வரி போடப் போகுதுன்னு வாட்ஸப்ல வருதே, நிஜமா சார்? (ஓமலூர்)

மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020 செப்டம்பர்ல போட்ட விதியில விவசாயத்துக்கு எடுக்குற தண்ணிக்கு அனுமதியும் வேண்டாம் கட்டணமும் வேண்டாம்னு விலக்கு குடுத்திருக்கு. அது போக, தண்ணி மாநில அரசுகளோட அதிகாரப் பட்டியல்ல இருக்குற விசயம். அரசாணையக் கண்ணால பாக்காம இந்த மாதிரி மெசேஜ யாருக்கும் அனுப்பாதீங்க.

கேள்வி: அக்கா, தங்கச்சி, அண்ணன்னு நாங்க மூணு பேரு. அப்பா எழுதி வைக்காம இறந்துட்டாரு. தோட்டத்த மூணாப் பிரிச்சு பாகப்பத்திரம் போட்டாச்சு, கிணறும் மோட்டாரும் அண்ணன் பாகத்துல நின்னு போச்சு, பத்திரத்துல கிணத்தப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இப்ப வாய்க்கால அடச்சுட்டு "பொண்ணுங்களுக்கு நெலம் குடுத்ததே பெருசு, தண்ணி வேற கேக்குறீங்களா"ங்கறாரு. (பெத்தநாயக்கன்பாளையம்)

அம்மா, மொதல்ல அந்த "குடுத்ததே பெருசு"ங்கற பேச்ச மனசுல இருந்து தூக்கிப் போடுங்க. யாரும் உங்களுக்குக் குடுக்கல, அது உங்க பங்கு. அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துன்னா எழுதி வைக்காம இறந்ததும் பிள்ளைங்க எல்லாருக்கும் அம்மா இருந்தா அம்மாவுக்கும் சரிபங்கு. பூர்வீகச் சொத்துன்னா தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுங்களுக்கு உரிமை குடுத்து சட்டம் வந்துச்சு, கல்யாணமானவங்க விசயத்துல இருந்த குறைய 2005ல மத்திய சட்டம் சரி பண்ணுச்சு, அது பொறப்பால வர்ற உரிமை, 2005ல அப்பா உசுரோட இருந்தாரா இல்லியாங்கறது கணக்கில்லன்னு 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு.

இனி கிணத்துக்கு வருவோம். பத்திரம் எழுதினவரு செஞ்ச பெரிய குறை இது. நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்கள எடுத்துப் பாருங்க, "மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும், மின்மோட்டார் பம்புசெட்டில் பாகமும், வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டு செல்லும் பாத்தியமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும்"னு வரிசையா இருக்கும். வெத்து நிலத்தைப் பிரிக்கிறது சுலபம், தண்ணி இல்லாத தோட்டம் வெறும் காடுன்னு அந்தக் காலத்து பத்திர எழுத்தருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

ஆனா எழுதலைங்கறதாலயே உரிமை போயிடல. வசதியுரிமைச் சட்டம் 13ஆவது பிரிவு பாகப்பிரிவினையப் பத்தியே பேசுது. ஒண்ணா இருந்த சொத்தப் பிரிக்கும்போது, ஒருத்தர் பாகத்த முன்ன அனுபவிச்ச மாதிரியே அனுபவிக்க இன்னொருத்தர் பாகத்துல இருக்குற வசதி தேவையாயிருந்து, அது கண்ணுக்குத் தெரியற மாதிரி தொடர்ந்து இருந்ததுன்னா, அந்த உரிமை கூடவே வரும். உங்க தோட்டத்துக்கு அந்தக் கிணத்துல இருந்துதான் வாய்க்கால் ஓடுச்சுங்கறதுக்கு வாய்க்கால் இன்னும் தரையில தெரியுமே, அதுதான் உங்க முதல் சாட்சி. அண்ணன் உழுது மறைக்கிறதுக்கு முன்னாடி தேதி வர்ற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. அப்பா காலத்து அடங்கல்ல உங்க சர்வே நம்பருக்கு நேரா என்ன பயிர், என்ன பாசனம்னு எழுதியிருக்கும், வி.ஏ.ஓ.கிட்ட நகல் வாங்குங்க. கரண்ட் இணைப்பு அப்பா பேர்லயே இருந்தா அண்ணன் தனியா தன் பேருக்கு மாத்தப் போறாருன்னா ஆட்சேபம்னு மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு இப்பவே எழுதிக் குடுங்க.

கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுக்கலாம்னு பெரியவங்கள வச்சு ஒரு தடவ பேசுங்க. மூணு பேரும் ஒத்துக்கிட்டா முறைத் தண்ணி எழுதிடுங்க. வாரத்துல எந்தெந்த நாள் யாருக்கு, கரண்ட் இல்லாத நாள் வந்தா அத எப்ப ஈடு கட்டுறது, மோட்டார் காயில் போனா யாரு எவ்வளவு, தூர் வாருற செலவு எப்படி, கிணத்துக்குள்ள சைடு போர் போடணும்னா மூணு பேர் சம்மதம், இது அத்தனையும் எழுத்துல வரணும். ஒத்துக்கலைன்னா சிவில் கோர்ட்டுல வாய்க்கால அடைக்கக் கூடாதுன்னு தடை உத்தரவு கேக்கலாம். பொம்பளைங்களுக்கும் வருமான வரம்பு இல்லாம சட்ட உதவி இலவசம், ஆத்தூர் கோர்ட்டுலயே அதுக்கான வட்டக் குழு இருக்கும், விசாரிங்க. அண்ணன் கூட உறவு போயிடும்னு நீங்க கடுதாசியில கடைசியா எழுதியிருந்தீங்க. நாத்து காயறதப் பாத்துக்கிட்டு பேசாம இருந்தா மட்டும் அந்த உறவு நிக்குமா அம்மா, கேளுங்க.

கேள்வி: வெள்ளாமை கட்டுபடியாகல. எங்க போர்ல நல்ல தண்ணி, டவுன்ல அப்பார்ட்மெண்ட்டுக்கு லாரி ஒண்ணு ரெண்டு விட்டா தப்பா? என் தண்ணி தானே? (கொண்டலாம்பட்டி)

வெள்ளாமை கட்டுபடியாகலங்கறது எனக்கும் தெரியும், அதுக்காக இதுல இறங்காதீங்க. உங்களுக்கு வர்றது விவசாயத்துக்குன்னு குடுத்த இலவச கரண்ட். அத வேற வேலைக்குப் பயன்படுத்தினா மின்சாரச் சட்டம் 2003, 126ஆவது பிரிவுல அந்த வேலைக்கு உரிய ரேட்டுப் போல ரெண்டு மடங்கு போட்டு வசூலிப்பாங்க. எப்ப இருந்துன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா பின்னால பன்னெண்டு மாசத்துக்குப் போடுவாங்க. அடுத்து, தண்ணிய எடுத்து விக்கிறதுக்கு 2014 அரசாணைப்படி நீர்வளத்துறை அனுமதி வேணும். 2018 அக்டோபர்ல மெட்ராஸ் ஐகோர்ட்டு அந்த அரசாணை செல்லும்னு சொன்னதோட, அனுமதி இல்லாம உறிஞ்சி விக்கிறது திருட்டுக் குற்றம்னே சொல்லிடுச்சு. உங்க லாரி ஓடுற ஒவ்வொரு நாளும் மேல கேள்வி கேட்ட அயோத்தியாப்பட்டணத்து அண்ணன மாதிரி ஒருத்தரோட கிணறு கொறயும், அதயும் நெனச்சுப் பாருங்க.

கேள்வி: மேட்டூர் உபரி நீர்த் திட்டத்துல எங்க ஏரிக்குத் தண்ணி வந்துச்சு. ஏரியோரத்துல எனக்கு நிலம், டீசல் மோட்டார் வச்சு இறைக்கலாமா? ஏரி மண்ணு அள்ளலாமா? (எடப்பாடி பக்கம்)

இறைக்கக் கூடாது. நீங்க சொல்ற உபரி நீர்த் திட்டம், அதாவது சரபங்கா நீரேற்றுத் திட்டம், 565 கோடியில 100 வறண்ட ஏரிய நிரப்பறதுக்குப் போட்டது, டெல்டாக்காரங்க எங்க தண்ணிய எடுக்குறீங்கன்னு கடுமையா எதிர்த்தும் நடந்த திட்டம். அந்த ஏரித் தண்ணியில மொத பாத்தியம் ஆயக்கட்டுக்கு (அந்த ஏரிப் பாசனத்துல இருக்குற நிலங்களுக்கு), அதுக்கடுத்து சுத்துப்பட்டு கிணறெல்லாம் ஊறணும். பொதுப்பணத்துல கட்டின நீர்நிலையில இருந்து அனுமதி இல்லாம தனியார் மோட்டார் வைக்கிறதுக்கு ஏரியோர நிலம் ஒரு காரணம் ஆகாது. பொறுமையா இருங்க, ஏரி நெறஞ்சு நின்னா உங்க கிணத்துலயே தண்ணி ஏறும்.

மண்ணு அள்ளலாம், வரவேற்கிறேன். வண்டல் மண்ணு விவசாயிக்கு இலவசம், நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். 2024ல இருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கலாம், அதுக்கு முன்னாடி மாதிரி மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியதில்ல. ஏரி வத்தின மாசத்துல அனுமதி வாங்கி அள்ளுங்க, கரையோரம் தோண்டாதீங்க.

கேள்வி: ஐயா, எங்க தாத்தா நட்ட சில்வர் ஓக், எங்க பட்டா நிலம், வெட்ட கலெக்டர் கமிட்டிய கேக்கணுமாம். பொண்ணு கல்யாணத்துக்குப் பணம் வேணும், மாசக்கணக்கா மனு நிக்குது. சொந்த மரத்துக்கு ஏன் இவ்வளவு? (ஏற்காடு)

மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955ல வந்தது, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில தனியார் நிலத்து மரமானாலும் மாவட்டக் குழு அனுமதி இல்லாம வெட்ட முடியாது. 1990ல இருந்து மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமமும் இருக்கு, ஏற்காடு அதுல வருது, கட்டடத்துக்கும் லேஅவுட்டுக்கும் அங்க போகணும். மனு மாசக்கணக்கா நிக்கிறது தப்புதான், முடியும் முடியாதுன்னு ஒரு தேதிக்குள்ள சொல்லணும், அதுக்காக நீங்க தகவல் உரிமைச் சட்டத்துல உங்க மனுவோட நிலைமைய எழுதிக் கேளுங்க.

ஆனா சட்டமே வேண்டாம்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். திருமணிமுத்தாறும் சரபங்காவும் பொறக்குறது இந்த சேர்வராயன் மலையிலதான். காப்பிக்கு மேல நிழல் மரம் நிக்கிற சரிவுல மழை சொட்டுச் சொட்டா இறங்கி மண்ணுல போகும், மொத்தமா வெட்டின சரிவுல மண்ணோட சேந்து ஒரே நாள்ல கீழ போயிடும். இன்னொண்ணும் நெனச்சுப் பாருங்க, சமவெளி விவசாயிக்கு 1961 நில உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப காப்பித் தோட்டத்துக்கு அதுல விலக்குக் குடுத்தாங்க, தோட்டமா இருக்கணும்ங்கறதுக்காகக் குடுத்தது அது. கீழ இருக்குறவனுக்கு நூறு ஏக்கர் வச்சிருக்க முடியாது, மேல வச்சிருக்கலாம்னா அந்த மலைய மலையா வச்சிருக்குற கடமையும் கூடவே வருது. உங்க அவசரத்துக்கு ஒரு வழி சொல்றேன், மொத்தத் தோட்டத்துக்கும் சேத்து மனு குடுக்காம, முத்தின மரத்த மட்டும் நம்பர் போட்டு, எதுக்குப் பதிலா எங்க என்ன கன்னு நடப் போறீங்கன்னு வரைபடத்தோட குடுங்க. பரிசீலிக்கிறது அவங்களுக்கும் சுலபமாகும்.

கேள்வி: பக்கத்து ஜவ்வரிசி ஆலைத் தண்ணி ஓடையில விடுறாங்க, எங்க கிணறு நாறுது, மாடு குடிக்க மாட்டேங்குது. (ஆத்தூர் பக்கம்)

தன் நிலத்துலதான் விடுறேன்னு ஆலைக்காரர் சொன்னாலும் செல்லாது, 1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 24ஆவது பிரிவுப்படி கழிவ ஓடையிலயோ கிணத்துலயோ நிலத்துலயோ தெரிஞ்சே கலக்க விடுறது குற்றம். ஜவ்வரிசி ஆலையால எத்தனையோ மரவள்ளிக் காட்டுக்காரங்க பிழைக்கிறாங்க, ஆலைய மூடச் சொல்லி நான் கேக்கல, சுத்திகரிப்பு எந்திரத்த ஓட்டச் சொல்லித்தான் கேக்குறேன். கிணத்துத் தண்ணியையும் ஓடைத் தண்ணியையும் தனித்தனி பாட்டில்ல எடுத்து அரசு ஆய்வகத்துல குடுத்து ரிப்போர்ட் வாங்குங்க, அத வச்சு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சேலம் ஆபீசுக்கும் கலெக்டருக்கும் எழுதுங்க, மாசாமாசம் கலெக்டர் ஆபீசுல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. அதுக்கும் அசையலைன்னா சென்னையில இருக்குற பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்க மாசு நிறுத்தக் கேக்குற மனுவுக்கு பிரச்சனை முதல்ல வந்ததுல இருந்து ஆறு மாசந்தான் கெடு, போதுமான காரணம் காட்டினா இன்னும் ரெண்டு மாசம் தருவாங்க, நட்டஈடு கேக்க மட்டும் அஞ்சு வருசம் இருக்கு. நீங்க எழுதினத வச்சுப் பாத்தா உங்களுக்கு இப்பவே நாலு மாசம் ஓடிப் போச்சு, அதனால தண்ணி சாம்பிள இந்த வாரத்துக்குள்ளயே எடுத்துக் குடுத்துடுங்க.